வாளை அச்சில் ஊற்ற முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ராஜா காலத்து மாயக்கதையாக வந்திருக்கும் அந்த இளையோர் நாவலுக்கு முழுப் பக்க மதிப்புரை போட்டிருந்தீர்கள். பாராட்ட வேண்டிய புத்தகம்தான். ஆனால் சென்னிமலையில் நாற்பது வருடமாக இரும்புப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் அதன் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணில் புரை எடுத்திருப்பதால் மூன்று வாரம் உலைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் ஏழாவது படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தி காலாண்டு லீவுக்கு வந்திருந்தாள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கிய அந்த நாவலைத் தினமும் எனக்கு வாசித்துக் காட்டினாள். மலைக்கோட்டை, பேசாத இளவரசி, கொல்லன் வீட்டில் ஒளிந்து வளரும் பையன், குகைக்குள் நூறு வருடமாகத் தூங்கும் டிராகன். டிராகன் கண்ணைத் திறக்கிற இடத்தில் அவள் குரலைத் தாழ்த்தினாள். நான் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளர் கெட்டிக்காரர்.

அப்புறம் அந்தப் பையனுக்கு வாள் செய்கிறார்கள். கொல்லன் இரும்பைக் கஞ்சி மாதிரி உருக்கி, மண் அச்சில் ஊற்றி, ஆறியதும் உடைத்து எடுக்கிறான். வாள் பளபளவென்று வந்துவிடுகிறது. பேத்தி புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, “ஏனுங் அப்புச்சி, நீங்க ஒரு நாளும் இப்படி ஊத்தி நான் பார்த்ததில்லையே?” என்றாள்.

வெண்கலத்தை ஊற்றலாம். இரும்பை ஊற்றினால் கிடைப்பது வார்ப்பிரும்பு. வார்ப்புத் தோசைக்கல் கை தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். அந்த வாளால் டிராகன் மேல் ஒரு வீச்சு வீசினால் பையன் கையில் பிடிதான் மிஞ்சும்.

நான் வாள் செய்ததில்லை. அரிவாள், கொடுவாள், களைக்கொத்து, இவ்வளவுதான் என் தொழில். லாரியில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டையை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, நான் குறட்டில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, எதிரே நிற்பவர் சம்மட்டி போடுவார். வடிவம் வந்ததும் வாயை, அதாவது வெட்டுகிற ஓரத்தை, மட்டும் தண்ணீரில் தோய்ப்போம். அப்போது அது கண்ணாடி மாதிரி, ஓங்கிப் போட்டால் தெறிக்கும். அதனால் திரும்ப இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். தேய்த்து வெளுத்த இடத்தில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு பழுப்பு, அதற்கடுத்து கத்தரிப்பூ நிறம். அந்தக் கத்தரிப்பூ எட்டிப் பார்த்ததுமே நனைத்துவிட வேண்டும். இரண்டு மூச்சு தாமதித்தால் நீலம் பாய்ந்து வாய் சவசவத்துப் போகும். அந்த நேரம் பட்டறையில் யாரும் பேச மாட்டோம். எப்பேர்ப்பட்ட அத்தியாயம் கைக்கு எட்டியிருக்க வேண்டியது, அச்சில் ஊற்றிவிட்டாரே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

“மாயக்கதைதானுங்களே மாமா, இரும்பு எப்படி வந்தா என்ன?” என்று மாப்பிள்ளை கேட்டார். டிராகனை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், அது அவருடைய டிராகன். இரும்பு எங்களுடையது. கொடுமணல் எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர், நொய்யல் கரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். 1985-ல் தொடங்கி அங்கே தோண்டியதில் இரும்பு உருக்கிய உலைகளும், உருக்கும்போது கழிவாக மிஞ்சும் கிட்டமும் கிடைத்தன. ராஜா காலத்துக் கதைகளுக்கெல்லாம் முந்திய பட்டறை அது.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் என்ற வெள்ளைக்காரர், நம் கொல்லர்கள் உருக்கு, அதாவது எஃகு, செய்த விதத்தை 1839-ல் எழுதியிருக்கிறார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் எனக்கு அதைப் படித்துச் சொன்னார். குகை என்கிற, உலோகம் உருக்கும் சின்ன மண் கிண்ணத்தில் இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் போட்டு, மேலே பச்சை எருக்கிலை வைத்து, வாயை மண்ணால் அடைத்துச் சூளையில் வைப்பார்களாம். இலையும் குச்சியும் கரியாகி இரும்பில் ஏறும். குகையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டி. அதையும் பக்குவமாக அடித்துத்தான் வாளாக்க வேண்டும், சூடு மிஞ்சினால் உதிர்ந்துவிடும். எருக்கிலையால் இரும்பை உருக்காக்குகிற கிழவனைவிட மந்திரவாதி எங்கே கிடைப்பான்?

இன்னும் சில்லறைக் குறைகள் உண்டு. ஒரு கையால் வீசுகிற வாளை இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். அது ஒன்றரை கிலோ இருந்தாலே அதிகம், என் சம்மட்டி அதைப் போல மூன்று மடங்கு. அரண்மனை விருந்தில் மிளகாய்ச் சட்னி வைக்கிறார்கள். மிளகாய் போர்த்துகீசியர் கொண்டுவந்த பிறகுதான், அதுவரை மிளகுதான். தமிழுக்கே இது புதுசு என்ற மதிப்புரை வரியையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விஜயமங்கலத்துக் கொங்குவேளிர் அந்தக் காலத்திலேயே பாடிய உதயணன் கதையில் எந்திர யானையைக் காட்டி ராஜாவையே பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று உங்கள் இணைப்பில் இருந்தது. எழுத்தாளர் ஒரு நாள் பட்டறைக்கு வரட்டும். காலை ஆறு மணிக்கெல்லாம் உலை மூட்டிவிடுவோம், வெயில் ஏறினால் நிறம் சரியாகத் தெரியாது. அமாவாசையன்று மட்டும் வேலை இல்லை.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்,
சென்னிமலை