கேமரா வாங்கியாயிற்று, உப்பை என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்கள் என்ன கேமரா வாங்கலாம் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. மிரர்லெஸ், ஃபுல் ஃப்ரேம், 24-70 லென்ஸ் என்று விலையோடு எழுதியவர், 24 மெகாபிக்சலுக்குக் (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி) குறைந்த கேமராவைத் தொடவே வேண்டாம் என்று முடித்திருந்தார். நான் பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். 12 மெகாபிக்சல் கேமராவைப் பன்னிரண்டு வருடமாக வைத்துக்கொண்டு காலை வெளிச்சத்துக்கு அலைகிறவன். படித்ததும் சுருக்கென்றது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். என்னுடையது பழைய நிக்கான் டி90, அதுவும் செகண்ட் ஹேண்ட். அதில் எடுக்கும் படத்தின் நீளம் 4,288 புள்ளி. நல்ல தாளில் அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி போதும் என்பது அச்சகத்துக்காரர்களின் கணக்கு. வகுத்தால் 14 அங்குலத்துக்கு மேல் வருகிறது. தங்கள் நாளிதழை மேஜையில் விரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பக்கத்தின் அகலம் அதற்குள் அடங்கிவிட்டது. அப்புறம் எதற்கு 24?

சரி, வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். என் குறை வேறு. அவ்வளவு பெரிய கட்டுரையில் உப்பு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. எங்கள் ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்பதற்குப் பழைய ரயில் பாலமே சாட்சி. 1914இல் திறந்த பாலம். ஆண்டு முழுக்கப் பெயின்ட் அடித்துப் பார்த்துக்கொண்டும் துரு விடவில்லை. 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்க வேண்டியதாயிற்று. இரும்பையே தின்ற காற்றுக்கு லென்ஸ் எம்மாத்திரம்?

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வருடம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க நல்ல மழை. கேமராவைத் தோல் பையில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். தை மாதம் தனுஷ்கோடிக்குப் பூநாரை (ஃபிளமிங்கோ பறவை) வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெயிலுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளிறிக் கிடந்தன. பனி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றி, வெளிச்சம் நுழையும் துளையை முழுக்கத் திறந்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடியிருந்தது. பூஞ்சை.

மதுரையில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். பிரித்துத் துடைத்துக் கொடுத்தார், 1,800 ரூபாய். ஆனால் ஒரு கண்ணாடியின் மேல்பூச்சைப் பூஞ்சை ஏற்கெனவே அரித்திருந்தது. "இதுக்கு மேல தேய்ச்சா கண்ணாடிதான் போகும்ணே, இப்படியே வச்சுக்கங்க" என்றார். அப்படியே வைத்திருக்கிறேன். வெயில் நேரே விழுந்தால் இன்றும் படத்தின் மூலையில் ஒரு மங்கல் வட்டம் வரும். அதற்கேற்றபடி நான்தான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

பூஞ்சைக்குப் பிடித்தது இருட்டும் ஈரமும். தோல் பை இரண்டையும் கொடுக்கும். அன்றிலிருந்து என் கேமரா இருப்பது ரப்பர் விளிம்புள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. நீல ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். வாணலியில் இளஞ்சூட்டில் போட்டால் மறுபடி நீலமாகும். அந்த நீலச்சாயம் விஷம் என்பதால் அதற்கென்று பழைய வாணலி ஒன்றைத் தனியாக ஒதுக்கியிருக்கிறேன். வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பத்துப் படம் எடுத்துவிடுவதும் உண்டு. பூட்டி வைத்த லென்ஸில்தான் பூஞ்சை சீக்கிரம் ஏறுகிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்வதைப் பார்த்தால் வயிறு எரியும். ஏ.சி. காரிலிருந்து தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் இறங்குவார்கள். லென்ஸ் வியர்க்கும். உடனே சட்டை நுனியால் ஒரு தேய்ப்பு. ஐஸ் ரூமிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் என் மூக்குக் கண்ணாடியே பூத்துப்போவதால் இது எனக்குப் பழகிய விஷயம். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து அரைமணி விட்டால் பையோடு சேர்ந்து மெதுவாகச் சூடேறிவிடும், வியர்க்காது. தேய்ப்பது அதைவிட மோசம். ஆண் கடல், பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் இரண்டு கடலும் சேரும் அந்த முனையில், அதுவும் மேல்காற்றான கச்சான் வீசும் மாதங்களில், காற்றில் மணலும் உப்பும் கலந்தே வரும். காய்ந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். முதலில் ரப்பர் புளோயரால் ஊத வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைக் கரைத்து ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த துணி கடைசியில்தான். லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டர் என்ற கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டால் கீறல் அதில் விழும், சில நூறு ரூபாயோடு போகும். அரிச்சல்முனையில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றவே கூடாது.

டிரைபாட் (கேமரா முக்காலி) கால் அலையில் நனைந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பூட்டுக்குள் உப்பு இறுகி, அடுத்த முறை கால் நீளாது. எங்கள் தீவில் நல்ல தண்ணீர் காசு. "குடிக்க வாங்குன தண்ணிய ஊத்திக் கம்பியக் கழுவுறீகளே" என்று வீட்டில் தினம் ஒரு பாட்டு. அரைச் சொம்பில் முடித்துவிடுகிறேன் என்று சமாதானம் சொல்லி வருகிறேன்.

வெள்ளை மணலைக் கேமரா தானாகவே அழுக்குச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டி வைக்க வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். அது எந்தக் கேமராவுக்கும் பொருந்தும், பைசா செலவும் இல்லை.

2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தப் பருவத்தில் பெரிய பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு பலர் வருவார்கள். ஆகவே அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பாகம் போடும் எண்ணம் இருந்தால் பராமரிப்பைப் பற்றிப் போடுங்கள், அதுவும் வாடைக் காற்று பிடிப்பதற்குள் போடுங்கள். என் டப்பாவில் இன்று காலையே நீலம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வாணலியை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனிக் கணக்கர்,
பாம்பன்.