தடவுவது தொடுவதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில், பார்வையற்றோர் சதுரங்கத்தில் வடோதராவின் தர்பன் இனானி தங்கம் வென்றபோது எல்லோரும் பாராட்டினோம். அவரைப் போல வர விரும்பும் பிள்ளைகள் உள்ளூர்ப் போட்டிகளில் படும் பாட்டைப் பற்றிப் பேசுவோர்தான் குறைவு. கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்தும், ஒவ்வொரு கட்டத்திலும் காயைச் செருகத் துளையுடனும் அமைந்த தனிப் பலகையில், கறுப்புக் காய்களுக்குரிய அடையாளத்தை விரலால் தடவியறிந்தே அவர்கள் ஆடுகிறார்கள். எதிராளி தம் நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும், துளையிலிருந்து எடுத்தால்தான் காயைத் தொட்டதாகக் கொள்ளப்படும் (தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பது சதுரங்க விதி) என்பதும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளிலேயே உள்ளன.

அண்மையில் ஒரு போட்டியில், குதிரையைத் தடவிப் பார்த்த சிறுமியிடம், அதையே நகர்த்தியாக வேண்டும் என்று நடுவர் வற்புறுத்தினார். (விதியை எடுத்துக் காட்டியவர், அங்கிருந்த இன்னொரு பிள்ளையின் தகப்பனார்!)

நடுவர் பயிற்சி வகுப்புகளில் இவ்விதிகளைக் கட்டாயப் பாடமாக்கவும், பார்வையற்ற ஆட்டக்காரர்கள் சுற்றுக்குச் சுற்று மேசை மாறாமல், நகர்த்தலை அறிவிக்கும் குரல் பிறருக்கு இடையூறாகாதபடி அரங்கின் ஓரத்தில் ஒரே இடத்தில் அமர்ந்து ஆடவும் மாநிலச் சதுரங்கக் கழகம் ஆவன செய்ய வேண்டும்.

ஒரு சதுரங்கப் பயிற்றுநர்,
திண்டுக்கல்.