கொடுத்த பிறகும் போய்ப் பார்ப்போம்: சங்கத்தின் புதிய தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், இயக்குநர் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜூலை 1 அன்று பொறுப்பேற்கிறீர்கள். வாழ்த்துகள். நம் சேவைச் சங்கத்தின் வாராந்திரக் கூட்டத்தை மாதம் இருமுறையாகக் குறைத்துவிடலாமா என்று உங்கள் குழுவில் பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். உலகெங்கும் சங்கங்கள் உள்ள ரோட்டரி போன்ற பெரிய சேவை அமைப்பே, வாராவாரம் கூட வேண்டும் என்ற தன் விதியை 2016இல் தளர்த்திவிட்டது. ஆகவே யோசனையில் தவறு சொல்ல முடியாது. ஆனாலும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் அலுப்புத் தட்டுகிறது என்பது உண்மைதான். பேச வேண்டிய ஒன்றைப் பேசாமலே கலைந்துவிடுகிறோம், அலுப்பு அதனால் வருகிறது என்பது என் எண்ணம்.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். மணி அடிக்கிறோம். வருகைப் பதிவேடு சுற்றி வருகிறது. பிறந்தநாள், மணநாள் வாழ்த்துகள். வேறு சங்கத்திலிருந்து வந்தவர்களின் அறிமுகம். செயலாளரின் அறிவிப்புகள். சிறப்புப் பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அப்புறம் நன்றியுரை, குழுப்படம். இவை எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே தொழிலில் போட்டி போடுகிறவர்கள் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவது சின்ன விஷயமா என்ன?

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸும் நண்பர்கள் மூவரும் கூடியதும் அந்தத் தோழமைக்காகத்தான். ஒவ்வொரு முறையும் ஒருவருடைய அலுவலகம் என்று மாற்றி மாற்றிக் கூடினார்கள். அப்படிச் சுழன்றதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. இரண்டே ஆண்டில், 1907இல், நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்ற முயற்சியில் அந்தச் சங்கம் இறங்கியது. வாராவாரம் முகம் பார்க்கிறவர்கள் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விடுவது கஷ்டம். ‘அது என்ன ஆச்சு?’ என்று அடுத்த வாரமே யாராவது கேட்டுவிடுவார்கள். நம் கூட்டத்தில் அந்தக் கேள்வி இப்போது எழுவதே இல்லை.

பள்ளி ஒன்றுக்கு நாம் கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தை அண்மையில் பார்த்தேன். நம் சங்கத்தின் பெயர்ப் பலகை பளபளவென்று இருந்தது. குழாயில் தண்ணீர் இல்லை. உள்ளே இருக்கும் வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும். அதற்கான பணத்தை யார் தருவது என்று கொடுத்த அன்று யாரும் பேசியிருக்கவில்லை. பள்ளி நம்மைக் கேட்கத் தயங்கியது, நாமும் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளைகள் பழையபடி பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். நம் ஆண்டறிக்கையில் மட்டும் அது இன்னும் ‘நிறைவடைந்த திட்டம்’.

காது கேட்கும் கருவியின் கதையும் இதேதான். அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரி பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம்தான் ஓடும். காதுக்குள் பொருந்தும் அச்சு சரியில்லை என்றால் கீச்சென்று சத்தம் போடும், வலிக்கும். பேட்டரியும் இல்லாமல், அச்சைச் சரிசெய்ய ஆளும் இல்லாமல் மேடையில் கொடுக்கும் கருவி மேசை இழுப்பறைக்குத்தான் போய்ச் சேரும். சக்கர நாற்காலியும் அளவெடுத்துத் தர வேண்டிய பொருள்தான். இடுப்பளவு பார்க்காமல் ஒரே அளவில் வாங்கி அடுக்கினால், உட்காருகிறவருக்கு நாளடைவில் படுக்கைப் புண் வரலாம்.

இதற்கெல்லாம் உறுப்பினர்களின் மனசு காரணம் இல்லை. தலைவர் பதவி ஒரே ஆண்டு. ஜூன் 30உடன் முடிந்துவிடுகிறது. வருகிற ஒவ்வொருவரும் தம் பெயர் சொல்ல ஒரு புதுத் திட்டம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். முந்தையவர் கொடுத்ததைப் பராமரிப்பதற்கு மேடையும் கிடையாது, கைதட்டலும் கிடையாது.

சேவைச் சங்கங்கள் செய்ததிலேயே பெரிய வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரோட்டரி 1985இல் போலியோவை எடுத்துக்கொண்டது. 1988இல் உலகளாவிய ஒழிப்பு முயற்சி தொடங்கியபோது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரை அந்த நோய் தாக்கிக்கொண்டிருந்தது. இன்று அந்த எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. பணம் கொடுத்ததோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது. சொட்டு மருந்து வாங்கிய குழந்தையின் சுண்டுவிரலில் மையிட்டார்கள். வீட்டுச் சுவரில் குறி போட்டார்கள். பூட்டியிருந்த வீட்டுக்கு மறுபடி போனார்கள். விடுபட்ட குழந்தை யார் என்பதையே திரும்பத் திரும்பத் தேடினார்கள். தலைவர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், வேலை மாறவில்லை.

சிறப்புப் பேச்சாளர் பற்றியும் ஒன்று. 1925இல் அமெரிக்காவின் சீடர் பாயிண்ட்டில் நடந்த, லயன்ஸ் என்ற இன்னொரு சேவை அமைப்பின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அவரே வந்து, பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று நேரில் கேட்டார். லயன்ஸ் சங்கங்கள் இன்றுவரை கண் சேவையை விடாமல் செய்வது அந்தப் பேச்சின் பலன். நாமோ உதவி பெறுகிறவர்களைப் பொருளை வாங்கிக்கொள்ள மட்டுமே மேடைக்கு அழைக்கிறோம். ஒரு நிமிடம், ஒரு படம், அவ்வளவுதான். மாதத்தில் ஒரு வாரம் பேச்சாளர் நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். கொடுத்தது பயன்பட்டதா, உண்மையில் என்ன தேவை என்று அவர்கள் சொல்லட்டும். படம் எடுப்பதும் அவர்கள் விருப்பப்பட்டால் மட்டும் இருக்கட்டும்.

இரத்த தான முகாமுக்கும் இதே கேள்வி பொருந்தும். சிவப்பணுக்களை 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் ஐந்து முதல் ஏழு நாளைத் தாண்டாது. சங்கங்கள் எல்லாம் ஆண்டு விழா வாரத்திலேயே முகாம் வைத்தால் இரத்த வங்கியில் அன்று இடம் இருக்காது, இரண்டு மாதம் கழித்து இரத்தம் இருக்காது. எந்த வாரம் வேண்டும் என்று இரத்த வங்கியிடம் கேட்டுவிட்டுத் தேதி குறிக்கலாமே.

என் வேண்டுகோள் சுருக்கமானது. ஒவ்வொரு வாரமும், பேச்சாளருக்கு முன்னால் பத்து நிமிடம், முன்பு கொடுத்த ஒன்றைப் பற்றி, நேரில் போய்ப் பார்த்துவந்த இரண்டு உறுப்பினர்கள் பேச வேண்டும். கெட்டுக் கிடந்தால் கெட்டுக் கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும். குறிப்பேட்டிலும் அப்படியே ஏற வேண்டும். அப்புறம், புதுத் திட்டம் எதுவானாலும் மூன்றாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அதில் உங்களோடு, அடுத்த ஆண்டு தலைவராக வரப்போகிறவரும் கையெழுத்துப் போடட்டும். இதனால் இந்த ஆண்டு திட்டங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

முதல் கூட்டத்துக்கு முன் கடந்த மூன்று ஆண்டுகளில் கொடுத்தவற்றின் பட்டியலைச் செயலாளர் எடுத்துவைத்தால் போதும். முதல் மாதம் நேரில் போய்ப் பார்த்துவரும் பணிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருவர் பெயரை நீங்கள் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
சங்கத்தின் உறுப்பினர் ஒருவர்