மைக் ஹெஸ்மன் தோற்றுப்போனவர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் வீரர்களின் பெருந்தொகை ஒப்பந்தங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் நிலைக்க முடியாதவர்களுக்கு எடுத்துக்காட்டாக மைக் ஹெஸ்மனின் பெயரைக் குறிப்பிட்டு, அவரைத் 'தோற்றுப்போன ஆட்டக்காரர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது என் மனத்தை உறுத்தியது. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பல ஆண்டுகள் வசித்து, அவருடைய ஆட்டத்தைப் பலமுறை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரை தரும் கணக்கில் பிழை இல்லை. அட்லாண்டா பிரேவ்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸ், நியூயார்க் மெட்ஸ் ஆகிய மூன்று மேஜர் லீக் அணிகளிலும் சேர்த்து அவர் ஆடியவை 109 ஆட்டங்கள், பேட்டிங் சராசரி .188 (அதாவது ஆயிரம் வாய்ப்புகளுக்கு 188 வெற்றிகரமான அடிகள்), பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்கள் 14. ஆனால் இது அவருடைய வாழ்க்கையில் மிகச் சிறிய ஒரு பகுதியின் கணக்கு. 1996இல், பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதில், பிரேவ்ஸ் அணி அவரை 15ஆவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அன்று தொடங்கி, ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்காக ஆடிய 2011ஆம் ஆண்டு நீங்கலாக, 2015 வரை ஒவ்வோர் ஆண்டும் அவர் மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் ஆடியிருக்கிறார். 2015 ஆகஸ்ட் 3 அன்று டொலிடோவில், மூன்று பேஸ்களிலும் தம் அணியினர் நிற்க, அவர் அடித்த கிராண்ட் ஸ்லாம் என்னும் நான்கு ஓட்ட ஹோம் ரன், அவருடைய 433ஆவது மைனர் லீக் ஹோம் ரன். மெக்சிகோ லீகைச் சேர்க்காமல் பார்த்தால், அமெரிக்க மைனர் லீக் வரலாற்றில் அதுவரை எவரும் அத்தனை ஹோம் ரன்கள் அடித்ததில்லை. பஸ் ஆர்லெட் என்பவர் 1937இல் ஓய்வு பெற்றபோது விட்டுச் சென்ற 432 என்ற எண், 78 ஆண்டுகள் அசையாமல் இருந்தது.

ஹெஸ்மன் பல ஆண்டுகள் ஆடிய டொலிடோ அணியின் பெயர் மட் ஹென்ஸ். நம் ஏரிகளில் நீந்தும் நாமக்கோழியின் அமெரிக்க உறவுப் பறவைக்கு அங்கே வழங்கும் பெயர் அது. 1896இல் அந்த அணி ஆடிய மைதானத்தை ஒட்டியிருந்த சதுப்பு நிலத்தில் அந்தப் பறவைகள் மிகுதியாக இருந்தனவாம். ஏப்ரல் மாதத்தில் டொலிடோவில் குளிர் முழுமையாக விட்டிருக்காது. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆட்டம் பார்க்கும் முந்நூறு நானூறு பேருள் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். ஆள் குறைவாக இருக்கும் அந்த மாலைகளில் மரமட்டையின் ஓசை மைதானத்தின் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும். ஹெஸ்மனின் மட்டை பந்தின் நடுவில் பட்டால் எழும் ஓசை வேறு. அது கேட்ட உடனே, பந்து எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு முன்பே, பக்கத்து இருக்கையில் இருக்கும் முதியவர் எழுந்து நின்றுவிடுவார். மட்டை காற்றில் மட்டும் வீசிப்போன மாலைகளும் ஏராளம். மைனர் லீகில் அவர் 2,000 தடவைக்கு மேல் ஸ்டிரைக் அவுட் ஆனவர், அதாவது பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தவர். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே செல்லும் கதவு அவருக்கு முழுமையாகத் திறக்காமல் போனதற்கு முதல் காரணம் அதுவே.

இரண்டாவது காரணம் அவர் கையில் இருக்கவில்லை. டிரிபிள் ஏ என்பது மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் நிலை; மட் ஹென்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸின் டிரிபிள் ஏ அணி. டொலிடோவிலிருந்து டெட்ராய்ட் மைதானம் காரில் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அங்கே ஒருவர் காயமடைந்தால்தான், அல்லது ஒருவரை விற்றால்தான் இங்கிருக்கும் ஒருவருக்கு அழைப்பு வரும். அதுவும் அவர் ஆடும் இடத்திலேயே குறை விழ வேண்டும். பந்து தடுக்கும்போது ஹெஸ்மனின் முதன்மையான இடம் மூன்றாம் பேஸ்; 2010இல் அவர் மெட்ஸ் அணிக்குச் சென்றபோது அங்கே அந்த இடத்தில் அணியின் நட்சத்திர வீரர் டேவிட் ரைட் ஆடிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தவர் நான்கு நாளைக்கு ஒரு முறை, ஆட்டத்தின் கடைசியில், பழக்கமில்லாத பந்துவீச்சாளரின் முன் ஒரே ஒரு வாய்ப்புக்காக மட்டையோடு நிற்பார். அதில் சறுக்கினால் திரும்பி வந்துவிட வேண்டும். இப்படி 109 ஆட்டங்கள் ஐந்து வெவ்வேறு ஆண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. அத்தனை சிதறலிலும் 223 வாய்ப்புகளில் 14 ஹோம் ரன்கள் என்பது ஏறத்தாழ 16 வாய்ப்புகளுக்கு ஒன்று. .188 என்ற எண்ணை எடுத்துக்கொண்ட கட்டுரையாளர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஆர்லெட்டின் கதையும் இத்தகையதுதான். 1931இல் ஒரே ஓர் ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு ஆடி, .313 சராசரியும் 18 ஹோம் ரன்களும் எடுத்தார். அதன் பிறகு மேஜர் லீகில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. நன்றாக ஆடியவரையே திருப்பி அனுப்பிய ஒரு தொழிலில், மேலே போகாததை வைத்து ஒருவரின் தகுதியை எப்படி அளப்பது?

டொலிடோ மக்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1967க்குப் பிறகு அந்த நகரம் லீக் கோப்பையைக் கண்டது 2005இல்; மறு ஆண்டும் கோப்பை டொலிடோவுக்கே வந்தது; இரு ஆண்டுகளும் ஹெஸ்மன் அந்த அணியில் இருந்தார். 2007இல், டொலிடோ ஆடும் இண்டர்நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கா வெண்கலம் வென்றது. மேஜர் லீக் அணிகள் தம் வீரர்களை விடுவிக்காததால், அந்தப் பதக்கத்தை வென்றவர்கள் ஒரு கல்லூரி மாணவரைத் தவிர மற்ற அனைவரும் மைனர் லீக் வீரர்கள். ஹெஸ்மனும் அவர்களுள் ஒருவர். கோடி டாலர் வாங்குவோர் எவரும் அங்கே இல்லை.

பணம் பற்றிய கட்டுரை என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஹெஸ்மனைப் போன்ற அனுபவசாலிகள் ஆண்டுதோறும் புதிய ஒப்பந்தம் பேசிக்கொள்ள முடியும் என்பதால் அவர்களின் நிலை ஓரளவு பரவாயில்லை. ஆனால் அவருடன் பேருந்தில் பயணம் செய்த இளைஞர்கள் பலர், ஆட்டப் பருவத்தில் மட்டும் சம்பளம் வாங்கி, பருவத்துக்கு முந்தைய பயிற்சி வாரங்களில் கூலியில்லாமல் உழைத்தவர்கள். கேரட் ப்ரோஷுயிஸ் என்ற முன்னாள் மைனர் லீக் பந்துவீச்சாளர் சட்டம் படித்து வழக்கறிஞராகி, 2014இல் தம் பழைய தோழர்களுக்காக வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018இல், மைனர் லீக் வீரர்களைக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து பெரும்பாலும் விலக்கும் பிரிவு ஒன்று நாடாளுமன்றத்தின் செலவு மசோதாவுக்குள் நுழைக்கப்பட்டது. ஆயினும் 2022இல் 185 மில்லியன் டாலருக்கு வழக்கு சமரசமானது. அதே ஆண்டில் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தனர். 2023இல் கையெழுத்தான முதல் கூட்டு ஒப்பந்தத்தின்படி டிரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. தங்கள் கட்டுரையில் இந்தத் தொகைக்கு ஒரு வரிகூட இல்லை. மேஜர் லீக் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தப் படிகளில் ஏறி வந்தவர்கள் என்பதால், அந்த வரி இல்லாத ஊதியக் கட்டுரை எனக்குப் பாதிக் கணக்காகவே தெரிகிறது.

433ஆவது ஹோம் ரன் அடித்த அன்று நான் மைதானத்தில் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் வானொலியில் கேட்டேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, கரவொலி அடங்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆண்டின் முடிவில் ஓய்வு பெற்ற ஹெஸ்மன், பின்னர் டைகர்ஸ் அமைப்பிலேயே பேட்டிங் பயிற்சியாளராக, தம்மைப் போன்ற இளைஞர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் சென்றார்.

தங்கள் இதழ் எப்போதாவது அந்தக் கட்டுரையைத் தொகுப்பு நூலில் சேர்க்குமானால், 'தோற்றுப்போன' என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 433 என்ற எண்ணைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒஹையோ, அமெரிக்கா