கணக்குக்கு ஒரு கடிதம்

கொடைக்கானல், மூஞ்சிக்கல்
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள கணக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி முடிகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் திட்டிக்கொள். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாமே, உன் தங்கச்சி சொன்னாள். இங்கே எல்லாரும் சுகம். நீ கணக்கு எழுதிய மண்டிக் கடையைப் பையனிடம் விட்டாயிற்று. பூண்டு மூட்டை இருந்த இடத்தில் சாக்லேட் அடுக்கி வைத்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

விஷயம் வேறு. நான் மென்டர், அதாவது வழிகாட்டி, ஆகிவிட்டேன். சிரிக்காதே.

வைகாசியில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். நம் வயதில் பாதிதான் இருக்கும். "ஐயா, எங்கள் குழுவுக்கு நீங்கள் மென்டராக இருக்க வேண்டும்" என்றார். எனக்கு வெண்டர் என்று காதில் விழுந்தது. "எத்தனை மூட்டை வேணும்?" என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம். உன் தங்கச்சி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பல்கலைக்கழகத்தில் எதையாவது கண்டுபிடித்து வைத்திருக்கிற குழுவுக்கு ஒரு சின்னத் தொகை கொடுக்கிறார்கள். அந்தச் சாமானை இன்னும் நாலு செய்வதற்கு இல்லை. அது யாருக்காவது வேண்டுமா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டுவிட்டு வருவதற்கு! அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் ஐ-கார்ப்ஸ் என்று இதை ஆரம்பித்ததாம். குழுவுக்கு 50,000 டாலர், 7 வாரம், 100 பேரைப் பார்த்துப் பேச வேண்டும். குழுவில் மூன்று பேர்: ஆராய்ச்சி செய்தவர், நாளைக்குக் கம்பெனி நடத்தப்போகிற இளவட்டம், அப்புறம் சந்தையில் அடிபட்ட ஓர் ஆள். மெட்ராஸ் ஐஐடியில் உள்ள கோபாலகிருஷ்ணன்-தேஷ்பாண்டே மையம் அதே வழியில் இங்கே கல்லூரிக் குழுக்களுக்கு நடத்துகிறது. எங்களுடையது இதையெல்லாம் பார்த்துப் போட்ட குட்டி நகல். பணம் ஜீப் வாடகைக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். 100 பேர் என்கிற கணக்கில் மட்டும் தள்ளுபடி கிடையாது.

அடிபட்ட ஆள் நான்.

அவர்கள் செய்திருப்பது பூண்டு உலர்த்துகிற பெட்டி. பீரோ உயரம். உள்ளே காற்றாடி, சூடு, ஈரம் பார்க்க ஏதோ சென்சார். பரணில் இருபது நாள் புகையில் தொங்குவது இதில் நாலு நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள். பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும், இதை ஒருத்தனும் வாங்க மாட்டான். மழைக்காலத்தில் மேல்மலையில் கரண்ட் எங்கே இருக்கிறது? ஆனால் மென்டர் அதைச் சொல்லக்கூடாதாம். அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். "வாங்குவீர்களா" என்று கேட்பதும் தப்பு. கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்கு "ஆமாங்க, பேஷா" என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது நஷ்டமானது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாம் முப்பது வருஷம் பேசியே பிழைத்தோம் மாப்ளே. வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

பேராசிரியருக்கும் கஷ்டம்தான். ஒருநாள் ஜீப்பில் பொருமினார்: "1909இல் எவர்ஷெட் இதே கொடைக்கானல் வானாய்வகத்தில் சூரியப் புள்ளிக்குள்ளே வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். அவர் எந்த 100 பேரைக் கேட்டார்?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பூம்பாறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தோம். குழந்தை வேலப்பர் கோயிலைக் காட்டி, "போகர்கூட நவபாஷாணத்தில் பழனிக்கு ஒரு முருகன் சிலை, இங்கே ஒன்று என்று செய்து கொடுத்ததோடு சரி. மூணாவது ஆர்டர் வரவில்லை போலிருக்கிறது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இதுவரை 83 பேர். பூம்பாறை, பூண்டி, கூக்கால், கீழே வடுகபட்டிச் சந்தை. 2019இல் புவிசார் குறியீடு வந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதனால மூட்டைக்கு என்ன கூடுச்சு?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

38ஆவது ஆள், மன்னவனூரில் ஒரு பாட்டி. திண்ணையில் உட்கார்ந்து விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டை விரல் நகம் முழுக்கப் பூண்டுக் கறை. உள்ளே அடுப்புக்கு மேலே பரண். தாளோடு முடிந்து தொங்கவிட்ட கொத்துகள் புகையில் கறுத்து வெளவால் மாதிரி இருந்தன. குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. "கடைசியா பூண்டு வீணானது எப்போ பாட்டி?" என்று கேட்டாள்.

"என் பரண்ல எதுவும் வீணாகல தாயி. தராசுலதான் வீணாச்சு."

சொல்லிவிட்டு மோவாயால் என்னைக் காட்டினாள். "இவரு மண்டிக்குத்தான் போட்டோம். காய்ஞ்சு கலகலன்னு கிடந்தாலும் ஈரம்னு சொல்லி மூட்டைக்கு ரெண்டு கிலோ எடையில கழிச்சுக்குவாங்க, ஈரக் கழிவுன்னு பேரு. அவரையே கேளு."

அவள் குரலில் கோபமே இல்லை. பிரித்த பல்லை முறத்தில் போடுவதையும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "எத்தனை வருஷமா பாட்டி?" நான் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. பாதி வழியில் அந்தப் பெண்தான் ஆரம்பித்தாள். "சார், இவங்களுக்கு உலர்த்துற பெட்டி வேண்டாம். பெட்டிக்குள்ள இருக்கிற ஈரம் பார்க்கிற கருவி மட்டும் போதும். கையில பிடிக்கிற மாதிரி செஞ்சு கொடுத்தா, மண்டிக்குப் போகுமுன்னே அவங்களே பார்த்துக்கலாம்." 45 பேர் கழித்து இப்போதும் அதையேதான் சொல்கிறாள். பேராசிரியருக்கு மனசில்லை. காப்புரிமைக்குப் போட்டிருப்பது பெட்டிக்குள் காற்று சுற்றுகிற விதத்துக்கு. மாதிரி செய்து பார்க்க 'நிதி பிரயாஸ்' என்று மத்திய அரசின் உதவி ஒன்று, 10 லட்சம் வரை, இருக்கிறது. அவர் கண் அதற்கும் மேலே, மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்ப அமைப்பான பைராக் கொடுக்கிற 'பிக்' மானியத்தில். 50 லட்சம் வரை, 18 மாதம். அதற்குப் பெட்டிதான் எடுப்பாக இருக்குமாம்.

வெள்ளிக்கிழமைக்குள் மென்டர் அறிக்கை எழுத வேண்டும். பெட்டியா, கருவியா, இல்லை கடையைக் கட்டலாமா? கருவிதான் என்று எழுத என் கை தயார். ஆனால் ஈரக் கழிவில் விவசாயிக்கு வருஷத்துக்கு எவ்வளவு போகிறது என்பதற்கு அந்தப் பெண் ஆதாரம் தேடுகிறாள். மண்டிக்காரர் யாரும் நோட்டைக் காட்டவில்லை. "உங்ககிட்ட பழைய நோட்டு இருக்கா சார்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் 22 நோட்டு இருக்கிறது. கழிவுக்குத் தனிப் பத்தி. பாதி உன் கையெழுத்து, அந்தச் சாய்ந்த 'க'.

நாம் திருடவில்லை என்பாய். எல்லாரும் செய்ததுதான், கீழே போய்ச் சேர்வதற்குள் எடை குறையும், அதை யார் கொடுப்பது என்பாய். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குறைந்தது உண்மை. 2 கிலோ குறைந்ததா? நீ கணக்கு, நீ சொல்.

உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். உன் பெயரை மறைத்துக் கொடுக்கலாம், கையெழுத்தை என்ன செய்வது? வேண்டாம் என்றால் போன் போடு, விட்டுவிடுகிறேன். கொஞ்ச நாள் கோபமாக இருப்பேன், அவ்வளவுதான். சரி என்றால் வியாழக்கிழமை கிளம்பி வா. கூட்டல் எனக்கு எப்போது ஒழுங்காக வந்திருக்கிறது? இரண்டு பேரும் உட்கார்ந்து பத்தியைக் கூட்டிப் பார்ப்போம். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது வெற்றிலை வாங்கிக்கொள். இங்கே மழை விடவில்லை, ஸ்வெட்டர் இல்லாமல் வராதே.

உன் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறது?

உன்,
மண்டி