காலைச் சோர்வுக்கு அக்குபிரஷர்: படத்தோடு அளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

‘இந்த ஐந்து புள்ளிகளை அழுத்துங்கள், காலைச் சோர்வு பறந்துவிடும்’ என்ற வகைக் குறிப்புகள் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களிலும் கைத்தொலைபேசிகளிலும் அடிக்கடி வருகின்றன. ஒரு கால் படம், அதில் ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். எங்கிருந்து எத்தனை விரல் அளப்பது, எவ்வளவு நேரம் அழுத்துவது, யார் அழுத்தவே கூடாது என்பதெல்லாம் இல்லை. உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷர் என்ற இந்தச் சீன மருத்துவ முறைக்குக் காசு தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம். வன்னியில் யானைக்காவலுக்குப் போய்க் கொட்டிலில் அரைத்தூக்கம் தூங்கி எழும்புகிறவருக்கும், விடியமுன் சமைத்து வைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்ணுக்கும் உதவக்கூடியது. ஆனபடியால்தான் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறோம்.

முழங்காலுக்குக் கீழே உள்ள புள்ளியையே எடுத்துக்கொள்வோம். சீனத்தில் அதன் பெயர் சூ-சான்-லி. நடந்து களைத்தவன் இதை அழுத்திவிட்டு இன்னும் மூன்று லி, அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர், நடப்பான் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. கதிரையில் இருந்து, பாதம் நிலத்தில் முழுதாகப் படிய, முழங்காலைச் செங்கோணமாக மடியுங்கள். சிரட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு குழிகள் தட்டுப்படும். நான்கு விரல்களையும் ஒட்டவைத்து, சுட்டுவிரலின் ஓரம் வெளிப்பக்கக் குழியில் படும்படி காலுக்குக் குறுக்காக வையுங்கள். சின்னிவிரல் முடிகிற மட்டத்தில், கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு நடுவிரல் அகலம் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, குதிக்கால் நிலத்தில் இருக்க, பாதத்தின் முன்பக்கத்தை மேலே தூக்கிப் பாருங்கள். விரலுக்கு அடியில் தசை திரண்டு எழும்பினால் இடம் சரி. எழும்பாவிட்டால் எலும்பின் மேல் நிற்கிறீர்கள். அங்கே எத்தனை நாள் அழுத்தினாலும் கண்டல் காயம்தான் மிஞ்சும்.

அளக்கிற விரல் யாருடையது என்பதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். அழுத்தப்படுகிறவரின் விரலாகவே இருக்க வேண்டும். அவரது பெருவிரல் மூட்டின் அகலம் ஒரு சுன் (புள்ளிகளை அளக்கும் சீன அலகு), ஒட்டவைத்த நான்கு விரல் மூன்று சுன். மண்வெட்டி பிடித்துத் தடித்த தகப்பனின் கையால் மகளின் காலை அளந்தால் புள்ளி கீழே இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்து வெளியிட்டபோதும் சென்ரிமீற்றரில் அல்லாமல், அவரவர் உடலின் விகிதத்தில்தான் வரையறுத்தது.

அழுத்துவதற்குப் பெருவிரலின் சதைப்பகுதி போதும். நகத்தை வெட்டிவிடுங்கள். பேனை முனை, கல், கரண்டிக்காம்பு எதுவும் வேண்டாம். மெல்ல அழுத்தத் தொடங்கி, மந்தமான ஒரு நோவும் பாரமும் தெரிகிற இடத்தில் நிறுத்தி, சிறு வட்டமாக உருட்டுங்கள். ஒரு காலுக்கு 3 நிமிடம். சுரீரென்று குத்தினாலோ மின்சாரம் போல் ஓடினாலோ நரம்பில் நிற்கிறீர்கள், விரலை நகர்த்துங்கள். உச்சந்தலைப் புள்ளிக்கு, இரண்டு காதுகளின் மேல்முனைகளிலிருந்தும் மேலே போகும் கோடு நடுத்தலையைச் சந்திக்கும் இடத்தில் விரல் நுனிகளால் மெதுவாகத் தட்டினால் போதும். உள்ளங்காலில் ‘பொங்கும் ஊற்று’ என்று சீனர் சொல்லும் புள்ளி, விரல்களை மடக்கும்போது முன்பாதத்தில் குழி விழும் இடம். வயல் சேற்றில் நின்று பாதம் வெடித்திருப்பவர்கள் வெடிப்பு ஆறும்வரை அதை விட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் துள்ளி எழும்ப வேண்டாம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புங்கள், தலை சுற்றாது.

இனி முக்கியமான விடயம். காலைச் சோர்வு இரண்டு வகை. போதுமான நேரம் தூங்கியும் உடம்பு கிளம்பாதது ஒன்று, தூக்கமே சரியில்லாமல் எழும்புவது மற்றது. இரண்டுக்கும் ஒரே புள்ளிகளைச் சொல்வது பிழை. 2016இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் களைப்புத் தீராத பெண்களுக்கு இரண்டு விதமான புள்ளித் தொகுதிகளைக் கற்பித்து, புள்ளிக்கு 3 நிமிடமாக 6 கிழமை நாள்தோறும் தாங்களே அழுத்தச் செய்தார்கள். கிளர்ச்சியூட்டும் தொகுதியும் அமைதிப்படுத்தும் தொகுதியும் இரண்டுமே களைப்பைக் குறைத்தன. தூக்கத்தின் தரத்தை உயர்த்தியது அமைதிப்படுத்தும் தொகுதி மட்டும்தான். அவர்கள் நோயிலிருந்து மீண்டவர்கள், எல்லோருக்கும் அதே அளவு பலன் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் தூக்கம் கெட்டவர் காலையில் முழங்கால் புள்ளியோடு மல்லுக்கட்டுவதைவிட, இரவு படுக்குமுன் புருவ மத்தியையும், மணிக்கட்டு மடிப்பில் சின்னிவிரல் பக்கக் குழியையும் 3 நிமிடம் மெல்ல அழுத்துவது நல்லது. கிளர்ச்சியூட்டும் புள்ளிகள் உள்ள உச்சந்தலையையும் புறங்கையையும் இரவில் பலமாக அழுத்திவிட்டு நித்திரை வரவில்லை என்று முறையிடுவோர் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். மூன்று நாளில் பலனில்லை என்று விடுகிறவர்களும் அந்த 6 கிழமையை நினைத்துப் பார்க்கட்டும்.

வன்னிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு, இவை எந்தப் படத்திலும் வருவதில்லை. இங்கே பலரின் உடம்பில் போர்க்கால ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. துண்டு இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் அழுத்தவே கூடாது. அசைந்தால் பக்கத்திலுள்ள நரம்பையோ இரத்தக் குழாயையோ வெட்டக்கூடும். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள், பொய்க்கால் பூட்டும் மொட்டைப் பகுதியில் அழுத்த வேண்டாம். அங்கே தோல் ஏற்கெனவே உரசுப்பட்டிருக்கும். மற்றக் காலும் தலையும் கையும் போதும். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு அழுத்தம் கூடினது தெரியாது, ஆகவே கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளம் புடைத்த காலிலும், திடீரென ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் உள்ளபோதும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அழுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள புள்ளியும், உட்கணுக்கால் மொழிக்கு நான்கு விரல் மேலேயுள்ள புள்ளியும் சீன மரபிலேயே விலக்கப்பட்டவை.

சாப்பாட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கும் சீனரின் உறுப்புக் கடிகாரத்தில் காலை 7 முதல் 9 வரை இரைப்பையின் நேரம், அப்போது சூடான கஞ்சி குடிப்பது அவர்கள் வழக்கம். எங்களுடைய இலைக்கஞ்சி அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பழஞ்சோற்றை விடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, குளிரைப் போக்கிச் சாப்பிட்டால் போதும். ஆனால் சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீயை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலை தடுக்கிறது. ‘சீனச் சத்து மருந்து’ என்று விற்கும் கூட்டுகள் சிலவற்றில் அதிமதுரம் உண்டு. தொடர்ந்து எடுத்தால் பிரஷரை ஏற்றும். பிரஷர் குளிசை போடுகிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடவேண்டாம்.

களைப்புக்குக் காரணம் இரத்தச்சோகையாக இருந்தால் விரல் அழுத்தத்தால் ஒன்றும் ஆகாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தச்சோகைதான். நீரிழிவு, தைரொய்ட், இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது எல்லாமே காலையில் களைப்பாகத்தான் தெரியும். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் இருப்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் அளவையும் இரத்தத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. வயலில் நின்றவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்தக் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது, அதன் பக்கத்திலேயே விரல் அளவையும், நேரத்தையும், அழுத்தக் கூடாதவர்களின் பட்டியலையும் படத்தின் எழுத்தளவிலேயே அச்சிடுங்கள். இரண்டு கிழமை ஒழுங்காகச் செய்தும் சோர்வு கொஞ்சமும் குறையாவிட்டால் பக்கத்து வைத்தியசாலையில் இரத்தம் சோதித்துப் பார்க்கவும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அக்குபிரஷர் பயிற்றுநர்கள்,
கிளிநொச்சி.