கதை சொல்ல ஆள் எடுக்கும் முன்: இடுக்கி மலைநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் செயலர்களுக்கும் வணக்கம்.

தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பணியாற்றும் நிறுவனங்கள், தம் பணியை எழுத்திலும் படத்திலும் எடுத்துச் சொல்வதற்குப் பகுதிநேரமாக ஒருவரை அமர்த்த விரும்புவதை நான் வரவேற்கிறேன். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்ட நிலையில், முழுநேரச் சம்பளத்துக்குச் சிறிய நிறுவனங்கள் தயங்குவது இயல்பே. ஆனால் அந்தப் பகுதிநேரத்தை நீங்கள் எதைக்கொண்டு அளக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

வழக்கமான ஏற்பாடு நாம் அறிந்ததே. மாதத்துக்கு இத்தனை பதிவுகள், இத்தனை படங்கள், ஒரு காணொலி என்று எண்ணிக்கை பேசி, நகரத்திலிருந்து ஒருவரை வரவழைக்கிறோம். அவர் வரும் பகல் வேளையில் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயதானவர்களையும் குழந்தைகளையும் தவிர யாரும் இருப்பதில்லை. கொழுந்து பறிப்பவர் மாலையில் எடை போட்ட பிறகே வீடு திரும்புகிறார். திரும்பியதும் அடுப்பு காத்திருக்கிறது. ஏலத்தோட்டங்களிலோ, தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியலில் ஜீப்பில் வந்து பொழுது சாய்வதற்குள் மலையிறங்கிவிடும் பெண்களிடம் நின்று பேசுவதற்கு ஒரு வேளையே வாய்ப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையை நிறைவேற்ற வேண்டிய கலைஞர், தேயிலைச் சரிவில் கூடையோடு சிரிக்கும் ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கூலி கொடுத்தது அதற்குத்தான்.

வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தம் செய்யுங்கள். அந்த மணிக்கணக்கில் பேருந்துப் பயணமும், மாலை நேரக் காத்திருப்பும், ஒன்றும் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையும் கூலிக்குரிய வேலையாகவே சேர வேண்டும். மாதத்துக்கு ஒரே ஒரு கதை வந்தாலும் போதும். பயணப்படியைத் தனியாகக் கொடுங்கள். மலைப்பாதையில் அது சிறிய தொகையன்று.

யாரை எடுப்பது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. இந்தத் தோட்டங்களில் பிறந்து, படித்து, வேலை கிடைக்காமல் லயத்துக்கே திரும்பிய இளைஞர்கள் பலர் உள்ளனர். படக்கருவியைக் கையாளவும் காணொலியைத் தொகுக்கவும் அவர்கள் சில மாதங்களில் கற்றுக்கொள்ள முடியும். அவர்களுக்குத் தெரிந்ததை வெளியிலிருந்து வருபவர் அவ்வளவு விரைவில் கற்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நிலம் சரிந்து 70 பேர் மாண்டபோது, அவர்களுள் பலரின் வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறில் இருந்தது என்பதும், ஒரே இரவில் ஒரே வகையறாவில் எத்தனை வீடுகளுக்குத் துக்கம் வந்தது என்பதும், உறவுமுறை அறிந்தவருக்கே சட்டென்று புலப்படும். மற்றவர் எழுதும்போது அது ‘ஏழைத் தொழிலாளர்கள்’ என்ற ஒரு தொடரில் முடிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, போனசுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் மூணாறுச் சாலையில் அமர்ந்த பெண்கள், பொம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தம் கதையைத் தாமே நாட்டுக்குச் சொன்னவர்கள். அவர்களை இரங்கத்தக்கவர்களாக மட்டும் காட்டும் படம், நன்கொடை திரட்டித் தந்தாலும், பொய்யான படமே.

மொழி பற்றி. ஆண்டறிக்கை ஆங்கிலத்திலும், முகநூல் பதிவு மலையாளத்திலும் வருகின்றன. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கதைக்குரிய பெண் படிக்க முடிவதில்லை. கதை முதலில் தமிழில் எழுதப்பட்டு, உரியவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, அதன் பிறகே மற்ற மொழிகளுக்குப் போக வேண்டும். ஒப்புதல் படிவத்துக்கும் இது பொருந்தும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் வாசகத்தை அரசியலமைப்பின் 8ஆம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பையும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் வகுத்திருக்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. ஆங்கிலப் படிவத்தில் வாங்கிய கைநாட்டை ஒப்புதல் என்று சொல்லிக்கொள்வதை இனியாவது நிறுத்துவோம்.

ஒப்பந்தத்தில் உரிமையையும் தெளிவாக எழுதுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்தின் உரிமை உங்களுடையது. ஆனால் ஊழியரல்லாத ஒருவர் எழுதித் தந்த கட்டுரையின் உரிமை எழுதியவரிடமே இருக்கும். அதை எழுத்து மூலம் மாற்றிக்கொள்ளும்போது காலவரையறை குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். இந்தக் கணக்கில் படத்தில் இருப்பவர் எங்கும் வருவதில்லை என்பதால், அவர் கேட்டால் படத்தை நீக்குவோம் என்ற ஒரு வரியை நாமாகவே சேர்க்க வேண்டியிருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் விருப்பத்துக்கு இடமே இல்லை. பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி, சுற்றுப்புறம் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் தடுக்கிறது. பெயரை மாற்றிவிட்டோம் என்பது இங்கே போதாது. எஸ்டேட்டின் பெயரையும் தாயின் வேலையையும் எழுதினாலே அந்தத் தோட்டப் பகுதி முழுவதற்கும் ஆள் தெரிந்துவிடும்.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொண்டு, ஆள் தேவை அறிவிப்பைத் தமிழிலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு கூலி என்பவை அதில் அச்சாகியிருக்க வேண்டும். இணையத்தோடு நிறுத்தாமல் தோட்டங்களின் வாசகசாலைகளிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்டினால், விண்ணப்பிக்க வேண்டியவர்களின் கண்ணில் அது படும்.

இப்படிக்கு,
தேவிகுளம் வட்டத்துத் தமிழ் வாசகர் ஒருவர்